குழாய் சொட்டும் வீடு

மாற்றல் வாங்கி வந்த முதல் வாரம்
காதில் ஏதோ அடைத்துக்கொண்டதென்று
நானே சொட்டு மருந்து விட்டுக்கொண்டேன்.
துணை சுகாதார நிலையத்துக்குப் பின்னால்
ஒற்றை அறை குவார்ட்டர்ஸ்.
ஜன்னலைத் திறந்தால் வெடித்த வயல்,
அதற்கப்பால் வெடித்த வயல்,
அதற்கும் அப்பால் அரிச்சந்திரா நதியின்
வெறும் கரை.

பெரம்பூரில் எங்கள் சுவருக்குப் பின்னால்
ராத்திரி முழுக்க ரயில் பெட்டி கோர்ப்பார்கள்.
அந்த இரைச்சலின் மறைவில்தான்
பதினோரு வருஷம் சண்டை போட்டோம்.
தட்டு உடைந்தாலும்
பக்கத்து வீட்டுக்கு அது ரயில்தான்.

அமைதி என்று வெளியூர்க்காரர்கள் சொல்வது
ஓர் ஊரே காதுகொடுத்து உட்கார்ந்திருப்பதை.
உத்திராபதி வண்டிக்கு ஸ்டாண்ட் போடுவது கேட்கும்;
இரண்டாம் முறை போட்டால்
இன்றைக்கு நிதானத்தில் இல்லை என்று அர்த்தம்.
கீழத்தெருவில் இருமுவது யார் என்று
சளி டப்பா வாங்காமலே சொல்வேன்.
ஏழு மணி பஸ் பாலத்தில் கியர் மாற்றும்போது
காலேஜுக்குப் போகிற பெண் ஓடுவாள்.
அவள் கொலுசை வைத்தே
பஸ் கிடைக்குமா கிடைக்காதா என்று
டீக்கடையில் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள்.

என் வாசல் கேட்டில் ஒரு கிறீச்.
"எண்ணெய் போட்டுடாதீங்க சிஸ்டர்," என்றாள் தையல்நாயகி.
"நீங்க வந்துட்டீங்கன்னு
எங்களுக்குத் தெரிய வேணாமா?"

ஆனி பிறந்து
கோர்ட்டிலிருந்து ரிஜிஸ்டர் தபால் வந்தது.
போஸ்ட்மேன் சைக்கிள் என் வாசலில் நின்றதை
ஊர் கேட்டது.
ராத்திரி பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு
அழுதேன், பெரம்பூர்ப் பழக்கம்.
டேங்க் காலியாகும் வரை அழுதேன்.
அப்புறம் குழாய் வெறும் காற்றை ஊதியது,
நான்தான் நிறுத்தவில்லை.

விடிந்ததும்
ஒரு குடம் தண்ணீரை என் படியில் இறக்கிவைத்து
இடுப்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்:
"குழாயைச் சரியா மூடலபோல சிஸ்டர்,
ராவெல்லாம் சொட்டிக்கிட்டே கெடந்துச்சு.
வாஷர் தேஞ்சிருக்கும்.
எங்க வீட்லயும் ஒரு வருஷம் சொட்டுச்சு."
குடத்தைத் திருப்பிக் கேட்கவேயில்லை.

எல்லாமே இப்படி என்று சொல்லமாட்டேன்.
மேலத்தெருவில் ஒரு வீட்டில்
சனிக்கிழமை தவறாமல் அடி விழுகிறது.
அதுவும் எல்லோருக்கும் கேட்கிறது.
அதற்கு அங்கே, அம்மி கொத்துகிறார்கள் என்று பெயர்.
ஞாயிறு காலை சத்து மாத்திரை சாக்கில் போவேன்.
அவள் முழங்கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வாள்.
இரண்டு பேரும்
குழாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

மேட்டூர் திறந்து இருபத்து மூன்று நாள்.
கல்லணை தாண்டியாச்சு என்றார்கள்,
நீடாமங்கலம் வந்தாச்சு என்றார்கள்,
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
கடைமடையில் தேதி கேட்பதில்லை.

ஒரு ராத்திரி கரண்ட் போனது.
ஃபேன் சுற்றி ஓய்ந்த பிறகு
எங்கோ ஒரு கொதி.
உலையில் அரிசி தளும்புகிற மாதிரி,
ஆனால் அகலமாக, குளிர்ச்சியாக.
வயலுக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.
வெடிப்புகள் குடித்துக் குடித்துக் குமிழி விட்டன.
நண்டு வளைகள் ஏப்பம் விட்டன.
எங்கே இருந்தது இத்தனை நாள், ஒரு தவளை,
தொண்டையைச் சரிபார்த்தது.

யாரும் கத்தவில்லை.
தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன;
எது யார் வீட்டுக் கதவு என்று
எனக்குத் தெரிந்திருந்தது.
மேலத்தெருக் கதவும் திறந்தது, கடைசியாக.
உத்திராபதி டார்ச் அடித்துச் சட்டென்று அணைத்தார்,
வெளிச்சம் இரைச்சல் போடும் என்பதுபோல.

நானும் எழுந்து கேட்டைத் தள்ளினேன்.
கிறீச்.

இருட்டுக்குள்ளிருந்து தையல்நாயகி
யாரிடமோ சொன்னாள்:
"சிஸ்டரும் வந்துட்டாங்க."